ரீசெட் செய்தால் ஏசி குளிருமா? கடலோர வீட்டில் ஒரு ஹாட் அண்ட் கோல்டு ஏசி

நீங்கள் கேட்டிருப்பது இது: டெல்லியிலிருந்து மாற்றலாகி வந்த அண்ணன் கொண்டுவந்த ஒன்றரை டன் ஹாட் அண்ட் கோல்டு இன்வெர்ட்டர் ஏசியை, குளச்சலில் கடலிலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளியிருக்கும் உங்கள் வீட்டில் மாட்டி ஒரு வருஷம் ஆகிறது. அதற்குள் மெக்கானிக் இரண்டு தடவை கேஸ் ஏற்றிவிட்டார். இப்போது 18-ல் வைத்தாலும் அறை 28-க்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. ஹீட் பம்பை ரீசெட் செய்தால் கூலிங் கூடும் என்று ஒரு வீடியோவில் பார்த்திருக்கிறீர்கள், அதை எப்படிச் செய்வது என்கிறீர்கள். ரீசெட்டைச் சொல்லித் தருகிறேன், அது பத்து நிமிட வேலை. ஆனால் இரண்டு தடவை கேஸ் ஏற்றியும் குளிராத மெஷினில் அடுத்து எதைப் பார்ப்பது, எதற்குக் காசு கொடுப்பது என்பதுதான் உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது. பதில் நீளமாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

நான் ஐடிஐயில் குளிர்பதனப் பிரிவில் படித்து, கொஞ்ச காலம் வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு, இப்போது நாகர்கோவிலில் இருந்துகொண்டு மாவட்டம் முழுக்க ஏசி வேலை செய்கிறவன். உங்கள் மெஷினை நேரில் பார்க்கவில்லை, கேஸ் அழுத்தத்தைக் காட்டும் கேஜ் மாட்டவில்லை. அதனால் எது நிச்சயம், எது என் ஊகம் என்று பிரித்தே சொல்கிறேன். முதலில் ஹீட் பம்ப் என்ற பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். வீடியோவில் சொல்வதும் உங்கள் வீட்டில் இருப்பதும் அடிப்படையில் ஒன்றுதான். சாதாரண ஏசி அறையின் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளும். உங்கள் மெஷினில் அவுட்டோருக்குள், அதாவது வெளியே மாட்டும் பெட்டிக்குள், நான்கு வழி வால்வு என்று ஒன்று கூடுதலாக இருக்கும். அது கேஸின் பாதையை மாற்றிவிட்டால், வெளியில் உள்ள வெப்பம் அறைக்குள் வரும். டெல்லி டிசம்பருக்கு அது வேண்டும். குளச்சலில் அந்தப் பட்டனுக்கு வேலையே இல்லை. நீங்கள் பார்த்த வீடியோ அமெரிக்க வீட்டுக்கானதாக இருக்கும். அங்கே வீடு முழுவதற்கும் ஒரே மெஷின், சுவரில் தெர்மோஸ்டாட், அதில் எமர்ஜென்சி ஹீட் அது இது என்று பல மெனுக்கள். உங்கள் ரிமோட்டில் அவற்றைத் தேடி அலைய வேண்டாம்.

சரி, ரீசெட். இண்டோரில், அதாவது அறைக்குள் இருக்கும் பெட்டியில், எழுத்தும் எண்ணுமாக ஏதாவது தெரிகிறதா, விளக்கு விட்டுவிட்டு மின்னுகிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் மொபைலில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரீசெட் செய்ததும் அது மறைந்துவிடலாம், அப்புறம் வருகிற மெக்கானிக் இருட்டில் தடவ வேண்டியதுதான். பிறகு ரிமோட்டில் ஆஃப் செய்யுங்கள். அவுட்டோர் ஃபேன் நின்றதும் ஸ்டெபிலைசரையும், மின்பலகையில் ஏசிக்கென உள்ள எம்சிபி சுவிட்சையும் அணைத்து, பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். மெஷினை இயக்கும் மின்னணுப் பலகையான இன்வெர்ட்டர் போர்டில் பெரிய கெப்பாசிட்டர்கள் உண்டு. அவற்றில் தங்கிய மின்சாரம் வடிந்தால்தான் போர்டு முழுதாக அணையும். உடனே போட்டால் பல நேரம் ரீசெட்டே ஆகியிருக்காது. திரும்பப் போட்டதும் கம்ப்ரசர் ஓடத் தொடங்க மூன்று நிமிடம் வரை ஆகும், அது பாதுகாப்புக்காக வைத்த தாமதம். ரிமோட்டில் பேட்டரியைக் கழற்றி மாட்டுவதும், ரிமோட்டின் பின்னால் உள்ள சின்ன ஓட்டையில் குண்டூசியால் குத்துவதும் ரிமோட்டை மட்டும் பழைய நிலைக்குக் கொண்டுபோகும். மெஷினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வைஃபை ரீசெட்டும் அப்படியே.

இதில் நிச்சயமானது என்னவென்றால், ரீசெட் போர்டின் நினைவை மட்டும்தான் துடைக்கிறது. கரண்ட் போய்ப்போய் வந்ததில் போர்டு குழம்பியிருந்தாலோ, ஏதோ ஒரு பிழையைக் கண்டு பூட்டிக்கொண்டிருந்தாலோ அது விடுபடும். நம் பக்கம் மழைக்காலத்தில் மரக்கிளை கம்பியில் விழுந்து கரண்ட் ஒரு நாளில் பல முறை போய் வருவதால், ரீசெட்டில் சரியாகும் கோளாறுகள் உண்மையிலேயே உண்டு. ஆனால் அந்த மாதிரிக் கோளாறில் மெஷின் ஒன்று ஓடவே ஓடாது, இல்லை வெறும் ஃபேன் மட்டும் சுற்றும். உங்களுடையது ஓடுகிறது, கொஞ்சம் குளிரவும் செய்கிறது. ரீசெட்டில் இது தீரும் என்று எனக்குத் தோன்றவில்லை. செய்து பார்ப்பதில் நஷ்டமும் இல்லை.

ரீசெட் முடிந்ததும் ரிமோட்டை ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். 2020 ஜனவரி 1 முதல், நட்சத்திர முத்திரை உள்ள அறை ஏசிகள் 24 டிகிரியைத் தொடக்க அளவாக வைத்தே வர வேண்டும் என்பது விதி. அதற்குப் பின் வந்த மெஷின் என்றால், முழுதாக அணைத்துப் போட்டதும் 24-க்குத் திரும்பியிருக்கலாம். மோடு கூல் என்று, பனிப்படிகக் குறியில் இருக்க வேண்டும். ஆட்டோவில் வைக்காதீர்கள். ஹாட் அண்ட் கோல்டு மெஷினில் ஆட்டோ என்றால், சூடா குளிரா என்பதை மெஷினே முடிவு செய்யும். மழை பெய்த ராத்திரி அறை 25-ல் இருக்கும்போது ஆட்டோவில் 28 வைத்துவிட்டுப் படுத்தால், அது உங்களுக்குக் குளிருகிறது என்று நினைத்துக்கொண்டு வெந்நீர்ப்பானைக் காற்றை விடும். ஈகோ, ஸ்லீப், சதவீதக் கணக்கில் கூலிங்கைக் குறைக்கும் வசதி எல்லாவற்றையும் சோதனை முடியும்வரை அணைத்து வையுங்கள். நாற்பது சதவீதத்தில் மாட்டிக்கொண்ட ஒன்றரை டன் மெஷின் முக்கால் டன்கூடத் தராது. குழந்தைகள் ரிமோட்டோடு விளையாடும் வீட்டில் நான் கருவிப் பையைத் திறப்பதற்கு முன் பார்ப்பது இதைத்தான்.

இப்போது அளந்து பார்க்கலாம். கடைகளில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். மோடு கூல், 16 அல்லது 18 டிகிரி, ஃபேன் ஹை என்று வைத்து, கதவு ஜன்னலைச் சாத்தி இருபது நிமிடம் ஓட விடுங்கள். இண்டோரின் மேல்புறம் காற்றை இழுக்கும் இடத்தில் ஓர் அளவு, கீழே காற்று வரும் வாயில் ஓர் அளவு எடுங்கள். இரண்டுக்கும் 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருந்தால் மெஷின் தன் வேலையைச் செய்கிறது; அறைதான் அதற்குப் பெரியது, அல்லது மொட்டை மாடிக் கான்கிரீட் இறக்கும் வெயில்தான் காரணம். நான்கு ஐந்து டிகிரிதான் என்றால் மெஷினில் கோளாறு. நம் கடலோரத்தில் ஈரப்பதம் அதிகம், மெஷினின் சக்தியில் ஒரு பங்கு அந்த ஈரத்தைத் தண்ணீராக்குவதிலேயே போய்விடும். அதனால் இங்கே வித்தியாசம் கொஞ்சம் குறைவாக வந்தால் உடனே பயப்பட வேண்டாம். இதே ஈரப்பதத்தால் நமக்கு இன்னொரு சோதனையும் கிடைக்கிறது. வடிகால் குழாயின் கீழே ஒரு வாளியை வையுங்கள். ஒன்றரை டன் மெஷின் முழு மூச்சில் ஓடினால், புழுக்கமான நாளில் மணிக்கு ஒன்று இரண்டு லிட்டர் தண்ணீர் விழும். அரை மணி நேரம் ஓடியும் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது, உள்ளேயும் ஒழுகவில்லை என்றால், உள்ளே இருக்கும் காயில் (கேஸ் ஓடும் குழாய்களும் தகடுகளும் சேர்ந்த பகுதி) தேவையான அளவு குளிரவில்லை என்று அர்த்தம்.

வித்தியாசம் குறைவு என்று தெரிந்தால், கேஸுக்குப் போகுமுன் காற்றோட்டத்தைப் பாருங்கள். இண்டோர் ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கழுவ வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், சொல்லி நீட்ட வேண்டாம். யாரும் எட்டிப் பார்க்காதது அவுட்டோர். நம் மாவட்டத்தில் நிறைய வீடுகளில் அதைச் சமையலறைக்குப் பின்னால் ஒர்க் ஏரியாவில் மாட்டிவிடுகிறார்கள். அங்கே மேலே ஷீட், சுற்றிலும் கிரில், போதாததற்கு விறகும் தேங்காய் மட்டையும் அடுக்கியிருக்கும். அவுட்டோர் தள்ளும் சூடான காற்று வெளியே போக வழியில்லாமல் சுற்றிச் சுற்றி அதற்குள்ளேயே போகும். வெளியே 32 டிகிரி என்றாலும் மெஷின் 45 டிகிரிக் காற்றில்தான் மூச்சு விடும். அவுட்டோரின் முன்பக்கம் ஒரு மீட்டராவது திறந்திருக்கட்டும், பின்பக்கம் ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கத்தில் இதற்கு நேர்மாறான சிக்கல். அங்கே காற்றுக் காலத்தில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று அவுட்டோர் ஃபேனின் முகத்திலேயே அறைந்து, அதைச் சரியாகச் சுற்ற விடாது. அங்கே மாட்டும்போது திசை பார்த்துத்தான் மாட்ட வேண்டும். உங்களுக்கு அந்தத் தொல்லை இருக்காது.

உங்களுக்கு உள்ள தொல்லை உப்பு. கடற்காற்றில் வரும் உப்பு அவுட்டோரின் அலுமினியத் தகடுகளில் படிந்து, ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்பு நீர் பட்டால், அலுமினியம்தான் முதலில் அரிக்கும். ஒரு கட்டத்தில் தகடுகள் தொட்டால் அப்பளம் போல நொறுங்கும். தகடு போனால் குழாயிலிருந்து வெப்பம் வெளியேறாது, எவ்வளவு கேஸ் இருந்தாலும் குளிராது. பலரும் மழை படக்கூடாது என்று அவுட்டோரை சன்ஷேடுக்குக் கீழே ஒளித்து வைக்கிறார்கள். மழை நனைக்கும் அவுட்டோரில் உப்பு அவ்வப்போது கழுவிப் போய்விடுகிறது. மழை படாத இடத்தில் அது தங்கி அரிக்கிறது. அதனால் மாதம் ஒரு தடவை, எம்சிபியை அணைத்துவிட்டு, நல்ல தண்ணீரை ஹோஸில் மெதுவாக விட்டுக் கழுவுங்கள். போர்டு இருக்கும் பக்கத்தில் தண்ணீர் அடிக்கக் கூடாது. பைக் கழுவும் பிரஷர் பம்பும் வேண்டாம், தகடுகள் மடங்கிவிடும். உங்கள் வீட்டுப் போர்வெல் தண்ணீர் கரிக்கிறதா? அப்படியென்றால் அதில் கழுவுவதைவிடக் கழுவாமல் இருப்பதே மேல். பஞ்சாயத்துக் குழாயில் வரும் தண்ணீரை வாளியில் பிடித்து ஊற்றுங்கள்.

இனி கேஸ். உங்கள் விஷயத்தில் என் சந்தேகம் முழுக்க இங்கேதான். ஏசியில் கேஸ் செலவாகும் பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் அது சுற்றிச் சுற்றி வரும், கசிவு இல்லையென்றால் மெஷினின் ஆயுள் முழுக்க அப்படியே இருக்கும். ஒரு வருஷத்தில் இரண்டு தடவையும் உண்மையிலேயே குறைந்துபோய்த்தான் ஏற்றினார் என்றால் எங்கோ கசிகிறது. இது ஊகம் அல்ல. எங்கே கசிகிறது என்பதுதான் ஊகம். மெஷின் டெல்லியில் கழற்றி இங்கே மாட்டப்பட்டது என்பதால், குழாயின் வாயை விரித்து இறுக்கும் நான்கு ஃப்ளேர் நட்டுகளையும் முதலில் சந்தேகிப்பேன்: இண்டோர் குழாய் இணைப்பில் இரண்டு, அவுட்டோர் வால்வில் இரண்டு. இன்வெர்ட்டர் ஏசிகளில் வரும் ஆர்32, ஆர்410ஏ கேஸ்களின் அழுத்தம் பழைய ஆர்22-ஐப் போல ஒன்றரை மடங்குக்கு மேல். பழைய ஃப்ளேர் கருவியால் அவசரமாகச் செய்த இணைப்பு அதைத் தாங்காது. கசியும் இடத்தில் பெரும்பாலும் எண்ணெய்ப் பிசுக்கு படிந்து, அதன்மேல் தூசி ஒட்டியிருக்கும். சோப்பு நுரை தடவினால் குமிழி வரும். அது உங்களுக்கே தெரிந்துவிடும்.

இடம் மாற்றிய மெஷின் என்பதால் இன்னும் இரண்டு விஷயங்களும் கேட்டறிய வேண்டியவை. ஒன்று, டெல்லியில் கழற்றும்போது கேஸை அவுட்டோரில் இழுத்துப் பூட்டினார்களா என்பது. அதற்கு மெஷின் கூலிங்கில் ஓட வேண்டும். குளிர்காலத்தில் கழற்றியிருந்தால் அறையே குளிர்ந்திருக்கும், மெஷின் லேசில் கூலிங்குக்குப் போகாது. பல மாடல்களில் இண்டோரில் உள்ள எமர்ஜென்சி பட்டனை அழுத்திப் பிடித்துக் கட்டாயமாகக் கூலிங்கில் ஓட்டலாம், அந்தப் பொறுமை எல்லோருக்கும் இருக்காது. கேஸைக் காற்றில் விட்டுவிட்டுக் கழற்றுகிறவர்களும் உண்டு. இரண்டாவது, இங்கே மாட்டும்போது, குழாயில் உள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கும் வாக்குவம் பம்ப் போட்டார்களா என்பது. கொஞ்சம் கேஸை விட்டுக் குழாயில் உள்ள காற்றைத் தள்ளிவிட்டால் போதும் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். குழாயில் தங்கிய காற்று அழுத்தத்தைக் கூட்டும். ஈரம் கம்ப்ரசர் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி உள்ளேயிருந்தே அரிக்கும். இருபது முப்பது நிமிடமாவது பம்ப் ஓட வேண்டும், நிறுத்திய பின் வாக்குவம் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அதனால் மூன்றாவது தடவை கேஸ் ஏற்றச் சம்மதிக்காதீர்கள். முதலில் நைட்ரஜன் விட்டு அழுத்தத்தில் கசிவைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், அடைத்த பின் வாக்குவம், அதன் பின் எடை பார்த்துக் கேஸ். அவுட்டோரில் ஒட்டிய லேபிளில் எத்தனை கிராம் என்று இருக்கும். குழாய் நீளம் கூடினால் மீட்டருக்கு இத்தனை கிராம் கூட்ட வேண்டும் என்பதும் கையேட்டில் இருக்கும். பொதுவாக 15 முதல் 25 கிராம் வரை. கேஜைப் பார்த்து, குழாயைத் தொட்டு, இவ்வளவு போதும் என்று ஏற்றுவது நிலையான வேகத்தில் ஓடும் பழைய மெஷினில் ஓரளவு நடக்கும். இன்வெர்ட்டரில் கம்ப்ரசர் வேகம் மாறிக்கொண்டே இருக்கும், அழுத்தமும் கூடவே ஆடும், அதை வைத்து நம்பி ஏற்ற முடியாது. கூடுதலாக ஏறினாலும் கூலிங் குறையும் என்பதையும் நினைவில் வையுங்கள். கசிவு பார்க்க நைட்ரஜனுக்குப் பதிலாக ஆக்சிஜன் சிலிண்டரை யாராவது எடுத்தால் உடனே நிறுத்துங்கள், எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும். ஆர்32 தீப்பிடிக்கக்கூடிய கேஸ், ஆர்290 என்ற இன்னொரு கேஸ் அதைவிட அதிகம். குழாயில் கேஸ் இருக்கும்போது பற்றவைப்பு வேலை கூடாது.

கேஸ் குறைவு என்பதற்கு நீங்களே பார்க்கக்கூடிய அடையாளம் ஒன்று உண்டு. அவுட்டோர் பக்கவாட்டில் இரண்டு குழாய்கள் வரும். கூலிங் நன்றாக இருக்கும்போது தடித்த குழாய் சில்லென்று வியர்த்திருக்கும். மெல்லிய குழாயின் நட்டில் மட்டும் பனி வெள்ளையாகப் படிந்து, தடித்தது காய்ந்துபோய் இருந்தால், பெரும்பாலும் கேஸ் குறைவு. இண்டோர் காயில் முழுவதும் பனி பிடித்தால் ஃபில்டர் அடைப்பு, ஃபேன் கோளாறு என்று காற்றோட்டத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

நான்கு வழி வால்வைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. ஹாட் அண்ட் கோல்டு என்று கேட்டதுமே சிலர் வால்வு போச்சு என்று சொல்லிவிடுவார்கள். பெரும்பாலான ஸ்ப்ளிட் மாடல்களில் அந்த வால்வின் காயிலுக்கு (இது மின்கம்பிச் சுருள்) ஹீட்டிங்கில்தான் மின்சாரம் போகும். அந்தக் காயில் எரிந்தாலும் கூலிங் நிற்காது, ஹீட்டிங்தான் வராது. கூலிங்கைக் கெடுப்பது வால்வின் உள்ளே இருக்கும் நகரும் துண்டு நடுவில் மாட்டிக்கொள்வதுதான். அப்போது கம்ப்ரசர் தள்ளும் சூடான கேஸ் அங்கேயே குறுக்கே கசிந்து, திரும்பிக் கம்ப்ரசருக்குள் போகும். வால்வில் ஒரு பக்கம் ஒரு குழாயும், எதிர்ப்பக்கம் மூன்றும் இருக்கும். மூன்றில் நடுக்குழாயும் இண்டோரிலிருந்து வரும் குழாயும் கிட்டத்தட்ட ஒரே குளிரில் இருக்க வேண்டும். நடுக்குழாய் தெளிவாகச் சூடாக இருந்தால் வால்வு உள்ளுக்குள் கசிகிறது. இதை மெக்கானிக்கைத்தான் பார்க்கச் சொல்ல வேண்டும், நீங்கள் அவுட்டோரைத் திறக்காதீர்கள். இன்னொன்று: அந்தத் துண்டு நகர்வதே கேஸின் அழுத்த வித்தியாசத்தால்தான். கேஸ் குறைந்தால் வால்வும் பாதியில் நிற்கலாம். கசிவைச் சரிசெய்து சரியான எடையில் கேஸ் ஏற்றிய பின், ஹீட்டுக்கும் கூலுக்கும் இரண்டு மூன்று தடவை, நடுவில் ஐந்து நிமிடம் விட்டு மாற்றிப் பார்த்தால், மாட்டியிருந்த வால்வு விடுபடுவதும் உண்டு. அதற்கு முன் வால்வை மாற்றக் காசு கொடுக்காதீர்கள்.

போர்டும் சென்சாரும் மிச்சம். அறை வெப்பத்தைப் பார்க்கும் சென்சார் தன் கிளிப்பிலிருந்து நழுவிக் குளிர்ந்த காயிலைத் தொட்டுக்கொண்டிருந்தால், அறை ஏற்கெனவே குளிர்ந்துவிட்டது என்று நினைத்து மெஷின் தன் வேகத்தைக் குறைத்துவிடும். சர்வீஸுக்காகக் கவரைக் கழற்றி மாட்டியபோது இப்படி ஆவது சாதாரணம், சரிசெய்யக் காசே ஆகாது. அவுட்டோர் போர்டில் பல்லி விழுந்து கருகுவதும், எறும்பு கூடு வைப்பதும் நம் பக்கத்தில் வாடிக்கை. ஆனால் அப்படியானால் மெஷின் நின்றுபோகும், பிழைக் குறியும் வரும். இப்படி மந்தமாக ஓடாது.

செலவு பற்றி என் அபிப்பிராயம். கசிவு ஃப்ளேர் நட்டில் என்றால் தாராளமாகச் சரிசெய்யலாம், சின்ன வேலை. இண்டோர் அல்லது அவுட்டோர் காயிலே அரித்து ஊசி ஓட்டை விழுந்திருந்தால், ஒன்றை அடைத்தால் இன்னொன்று வரும். காயிலை மாற்றும் விலையைக் கேட்டுவிட்டு, புது மெஷின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வால்வுதான் கோளாறு என்று உறுதியானால், வால்வை எடுத்துவிட்டுக் குழாயை நேராக இணைத்து, கூலிங் மட்டும் வரும்படி செய்து தருகிற மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். நம் ஊருக்கு அதுவே போதும். ஆனால் வாரண்டி மிச்சம் இருந்தால் அது போய்விடும், யாராவது ரிமோட்டில் ஹீட்டை அழுத்தினால் பிழை காட்டி நிற்கும். புதிதாக வாங்குவதென்றால் ஹாட் அண்ட் கோல்டு வேண்டாம். காயில் தகடுகளுக்கு அரிப்புத் தடுப்புப் பூச்சு உள்ள சாதாரணக் கூலிங் மாடல் பாருங்கள். அந்தப் பூச்சு அரிப்பைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். கழுவும் வேலை இருந்துகொண்டே இருக்கும்.

இப்போதைக்கு ரீசெட் செய்து, இருபது நிமிடம் கழித்து எடுத்த இரண்டு வெப்ப அளவுகள், வாளியில் விழுந்த தண்ணீர், மெல்லிய குழாயின் நட்டில் பனி உண்டா இல்லையா, லேபிளில் என்ன கேஸ் எத்தனை கிராம் என்று எழுதியிருக்கிறது என்பவற்றை இங்கே எழுதுங்கள். அவுட்டோரின் பின்பக்கத் தகடுகளைப் பகல் வெளிச்சத்தில் ஒரு படமும் எடுத்துப் போடுங்கள். காயிலா நட்டா என்பதைப் பற்றி அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.